பிளாஸ்கில் இருந்தது கஷாயம் இல்லை

செம்பாக்கத்தில் எங்கள் மாடியில் குடியிருக்கும் ஜெஃப்ரிக்கு, பெரிய ஓட்டல் பாரில் சரக்கு கலந்து கொடுக்கிற வேலை. சர்ச்சில் யாராவது கேட்டால் "ஓட்டல்ல சர்வீஸ்" என்பான், அதோடு நிறுத்திக்கொள்வான். ஒரு சொட்டு குடிக்கமாட்டான். நாக்கில் வைத்து ருசி பார்ப்பான், துப்பிவிடுவான், அவ்வளவுதான். அந்த வாசனை வாசற்படி தாண்டாது என்று பெண்டாட்டி ஜெரூஷாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் அந்த வாக்கை உடைத்தான். பண்டிகைக்குப் புதுசாக ஒன்று கலந்து காட்டச் சொன்னாராம் மேனேஜர். வெள்ளைக்காரன் சளிக்குக் குடிப்பதாம், ஹாட் டோடி என்று பேர். ஜெரூஷா வேலைக்குப் போன நேரம் பார்த்து, பட்டையும் கிராம்பும் போட்டுத் தண்ணீரைக் கொதிக்கவிட்டான். தேனுக்குப் பதில் நம் பனங்கற்கண்டு. அடுப்பை அணைத்து, எலுமிச்சை பிழிந்து, கடைசியில்தான் விஸ்கி. கொதிக்கையில் ஊற்றினால் வாசம் ஓடிவிடுமாம். சூடாகவே இருந்தால் ருசி கெடுகிறதா என்று பார்க்க பிளாஸ்கில் மூடி வைத்தான். அந்த வீட்டில் எப்போதும் கஷாயம் வைக்கிற பிளாஸ்க் அது.

அன்று சாயங்காலம் கேரல் பாடுகிறவர்கள் வந்தார்கள். வீடு வீடாகப் பாடிக்கொண்டு வருகிறவர்களைச் சூடாக எதுவும் கொடுக்காமல் யாரும் அனுப்பமாட்டார்கள். பாட்டு வாத்தியார் லாசரஸுக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஜெரூஷாவுக்கோ ஜலதோஷம், மூக்கு வேலை செய்யவில்லை. புருஷன் தனக்காகக் கஷாயம் வைத்திருக்கிறான் என்று நினைத்து, அவருக்கு ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தாள்.

லாசரஸ் ஒரு காலத்தில் குடித்துக் குடித்தே ஸ்கூல் வேலையைத் தொலைத்தவர். பிறகு சர்ச்சில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, இனித் தொடமாட்டேன் என்று சொன்னவர். அந்த ஒரு சொல்லைக் காப்பாற்றித்தான் மறுபடி தலைநிமிர்ந்து நடந்தார்.

ஜெஃப்ரி கீழேயிருந்து கேக் தட்டோடு ஏறி வந்தபோது டம்ளர் அவர் வாயில் இருந்தது. நானும் அங்கேதான் இருந்தேன். ஜெஃப்ரிக்கு முகம் வெளுத்துப்போனது. ஆனால் வாய் திறக்கவில்லை. லாசரஸ் காலி டம்ளரைக் கீழே வைத்தார்.

மறுநாள் என்னிடம் வந்து எல்லாவற்றையும் கொட்டினான்.

"சொன்னா அவரு உடைஞ்சிடுவாரு ஆயா. தெரியாமலே போகட்டுமே."

"அவருக்காகப் பயப்படுறியா, உன் வண்டவாளம் தெரிஞ்சிடும்னு பயப்படுறியா?"

அவன் மாடிப்படிப் பக்கம் திரும்பினான்.

"நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன். செருப்ப மாட்டு."

"மழை வர்ற மாதிரி கீது ஆயா..."

"வரட்டும். கொடை என்னாண்ட கீது."

லாசரஸ் வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஜெஃப்ரி நின்றபடியே சொன்னான்: "சார், நேத்து நீங்க குடிச்சது கஷாயம் இல்ல. விஸ்கி. பாத்துட்டும் நான் தடுக்கல. என் தப்பு சார்."

"முதல் வாய்லயே தெரிஞ்சிடுச்சுப்பா" என்றார் அவர்.

"அப்ப ஏன் சார்..."

"அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். முதல் வாய் உன் தப்பு. மீதி டம்ளர்?"

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. என் பிடிவாதம்தானே அந்த மனுஷன் வாயிலிருந்து இதைப் பிடுங்கியது? "சாப்டீங்களா வாத்தியாரே?" என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

பண்டிகையன்று சர்ச்சில் அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற திருவிருந்தை வாங்க எல்லாரும் எழுந்தபோது, சொல் தவறியவனுக்கு அது கூடாது என்று லாசரஸ் எழவில்லையாம். அவரிடம் பாட்டு கற்றுப் பாடுகிற ஜெஃப்ரி, பாடுகிறவர்கள் வரிசையை விட்டு இறங்கி, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டானாம். விஷயம் தெரிந்ததிலிருந்து அவனோடு பேசாமலிருந்த ஜெரூஷாதான் வந்து சொன்னாள். மத்தியானம் அவரைச் சாப்பிடக் கூட்டி வந்ததும் அவள்தான்.

இலை போட்டதும், "குடிக்க என்ன சார்?" என்று கேட்டான் ஜெஃப்ரி.

"தண்ணி போதும்ப்பா."

அவன் காலி டம்ளரை முதலில் அவரிடம் காட்டினான். பிறகு அவர் கண்ணெதிரே குழாயைத் திறந்து பிடித்துக் கொடுத்தான். அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.