ஒரு கலன் பெற்றோல்

காரைக் கொண்டுபோக வந்த மனிதர், கராஜ் ஆணியில் தொங்கிய பச்சை றப்பர்க் குழாயை எடுத்துத் தூசியைச் சட்டையில் துடைத்துவிட்டு வாயருகே கொண்டுபோனார். தாங்கி நிறையப் பெற்றோல் கிடக்கிறது, அதை இழுத்து வெளியே எடுத்துவிட்டுத்தான் லொறியில் ஏற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். குழாயின் நுனியில் பெரியப்பாவின் பல் அடையாளங்கள் இருந்தன. மேல்வரிசையில் அவருக்கு ஒரு பல் இல்லை; அந்த இடைவெளிகூட றப்பரில் பதிந்திருந்தது. “அதை வாயில வைக்காதேங்கோ!” என்று நான் போட்ட சத்தத்தில் அந்த மனிதர் திடுக்கிட்டுப் போனார். பெரியப்பா இறந்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதையை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அவர் வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்த நான் அங்கேதான் தங்கியிருந்தேன். பெரியம்மா ஏற்கனவே போய்ச் சேர்ந்துவிட்டா. பெரியப்பா, நான் தம்பி என்று கூப்பிடும் அவருடைய ஒரே மகன், நான், பிறகு அந்தச் சாம்பல் நிற மொறிஸ் மைனர் கார். இவ்வளவுதான் வீடு. காரை எப்போதும் கேற்றைப் பார்த்தபடிதான் நிறுத்துவார். ஒரு நாள் ஓடவேண்டி வரும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

ஆனால் அதே கார்த் தாங்கியில் இரவில் ஒரு துளி பெற்றோல்கூட இருக்க விடமாட்டார். எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தவர்கள் இந்தக் காரின் தாங்கியில் குழாய் போட்டு வாளியில் பெற்றோல் எடுத்துத்தான் எதிர்வீட்டை எரித்தார்கள். பெரியப்பா பக்கத்து வீட்டுச் சிங்கள மாத்தயாவின் அறையில் ஒளிந்திருந்து யன்னல் இடுக்கால் அதைப் பார்த்தார். “என்ர பெற்றோல், பிள்ளை” என்று ஒரேயொரு தடவை என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு காலையில் ஒரு கலன் வாங்கி ஊற்றுவதும், பின்னேரம் மிஞ்சியதைக் குழாயால் உறிஞ்சி எடுத்து மாத்தயாவின் காரில் ஊற்றிவிடுவதும் அவருக்கு வழக்கமாகிவிட்டது. மாத்தயாவின் காரிலிருந்து எடுத்து எவரும் எங்களை எரிக்க மாட்டார்களா என்று நான் கேட்டதில்லை. துப்பித் துப்பி உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு வந்து பால் குடிப்பார். வெளியாட்கள் யாருக்கும் இது தெரியக்கூடாது. படித்த மனிதர், கேலி செய்வார்கள் என்று வெட்கம்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காரின் பெற்றோல் பம்ப் செத்துப்போனது. கொட்டாஞ்சேனையிலிருந்து எங்கள் வழக்கமான மெக்கானிக் பாஸ் வந்து புதுப் பம்ப் பூட்டினார். கத்தோலிக்கர், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை, அதிகம் கதைக்காதவர். இரண்டு நிமிடம் இயந்திரத்தை ஓடவிட்டுப் பார்த்து, சரி என்று நிறுத்திவிட்டுப் போனார். அவர் போனதும் பெரியப்பா குழாயை எடுத்தார். மறுநாள் சனிக்கிழமை காலையில் வழக்கம்போல ஒரு கலன் ஊற்றினார்.

அன்று காலை மாத்தயா மதிலுக்கு மேலால் எட்டி, சிங்களத்தில், மிகவும் தாழ்ந்த குரலில் பேசினார். பின்னேரம் ஆமியும் பொலிசும் தமிழ் இளந்தாரிகளைப் பிடிக்க இந்த ஒழுங்கையைச் சுற்றி வளைக்கப் போகிறார்களாம். பொலிசில் இருக்கும் உறவினன் சொன்னானாம். மகனை அப்புறப்படுத்தி விடுங்கள் என்று சொல்லிவிட்டு, குடும்பத்தோடு குருநாகலில் பிக்குகளுக்குக் கொடுக்கும் ஒரு தானத்துக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். தம்பிக்கு அப்போது இருபது வயது. அவனை ஏற்கனவே இரண்டு தடவை கொண்டுபோய் விசாரித்து விட்டிருந்தார்கள். மூன்றாம் தடவை விடமாட்டார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். ஹெந்தளையில் பெரியம்மாவின் தங்கை வீடு இருந்தது. அங்கே சேர்த்துவிட்டால் போதும். பஸ்ஸையும் ஓட்டோவையும் மறித்து இளந்தாரிகளை இறக்குவார்கள். ஒரு கிழவர் ஓட்டும் பழைய காரை, அதுவும் பக்கத்தில் ஒரு பெண் இருந்தால், பெரும்பாலும் கையசைத்து விட்டுவிடுவார்கள்.

தம்பியின் பை பின் சீற்றில் ஏறிவிட்டது. பெரியப்பா திறப்பைத் திருப்பினார். பொனற்றுக்குள்ளிருந்து டிக், டிக், டிக் என்று பம்ப் அடித்தது. நின்றபாடில்லை. கார் ஸ்டார்ட் ஆகவும் இல்லை.

மதியத்துக்குப் பிறகு பாஸ் மறுபடி வந்து சேர்ந்தார். என்னைச் சாரதி சீற்றில் இருத்தி, சொல்லும்போது திறப்பைப் போட்டு நிறுத்தச் சொன்னார். பெற்றோல் வந்து நிறைந்ததும் அந்தச் சத்தம் தானாக நிற்க வேண்டுமாம். நிற்காவிட்டால் பம்ப் வெறுங்காற்றை இழுக்கிறது என்று அர்த்தம். நட்டுகளை இறுக்கினார். வயர்களைக் கழற்றி உரசிப் பூட்டினார். தான் வாங்கிய பம்ப்தான் பழுதோ என்று அதையே கழற்றிப் பிரித்தார். ஒவ்வொரு தடவையும் நான் திறப்பைத் திருப்ப, அதே டிக், டிக். காய்ச்சல்காரனின் நாடியைப் பிடித்துக்கொண்டிருப்பது போல எனக்கிருந்தது. ஒழுங்கையில் ஒவ்வொரு யன்னலாகச் சாத்தப்படுவதை முன்கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஐஸ் பழக்காரன்கூட வரவில்லை.

கீழே ரயில் ஒன்று போனது. தம்பி பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். “அப்பா, நான் ரெயினில போறன்.”

“பொறு மேனே. கோட்டை ஸ்ரேசனில எல்லாரையும் இறக்கிப் பாக்கிறாங்கள். இப்ப ஸ்டார்ட் வந்திடும்.”

அவன் பையை இறக்கி வைத்தான். சொன்னபடி கேட்கிற பிள்ளை. பிறகு இன்னொரு ரயில் போனது, அதற்குப் பிறகு இன்னொன்று.

மூன்றரை மணியளவில் பாஸ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். “ஐயா, நேத்து ஓடினிச்சே. நான் போன பொறகு யாரும் டாங்கில கை வச்சாங்களா?”

பெரியப்பா கேற்றைப் பார்த்தார். எனக்குத் தெரியும். அவர் குழாயோடு குனிந்ததை முதல் நாள் பின்னேரம் குசினி யன்னலால் பார்த்தவள் நான். வாய்வரை வந்தது. ஆனால் பெரியவர் சொல்லாமல் மறைக்கிற ஒன்றை, ஒரு வெளி மனிதருக்கு முன்னால் நான் எப்படிச் சொல்வது? அப்படித்தான் எங்களை வளர்த்திருந்தார்கள். “இல்லை” என்றார் பெரியப்பா. பாஸ் மறுபடி பம்பைக் கழற்றினார்.

அதன் பிறகு ஒரு மணித்தியாலம் போனது. அந்த ஒரு மணித்தியாலத்தை நான் இன்றுவரை சுமக்கிறேன். கடைசியில் பெரியப்பா காரின் பின்பக்கம் போய், ஆணியில் தொங்கிய குழாயை எடுத்துவந்து பாஸின் முன்னால் நீட்டினார். “நான் ஒவ்வொரு நாளும் எடுக்கிறனான்” என்றார்.

பாஸ் கோபிக்கவில்லை. காருக்கு அடியில் போய்த் தாங்கியின் அடி நட்டைக் கழற்றினார். கீழே வைத்த பேசினுக்குள் முதலில் வந்தது பெற்றோல் இல்லை, சிவப்புச் சேறு. வருடக்கணக்காகத் தாங்கி காலியாகவே கிடந்து உள்ளே கறள் பிடித்திருந்தது. தினமும் குழாய் போய் அதைக் கலக்கியிருந்தது. பழைய பம்ப் செத்ததே அதனால்தான். முதல் நாள் கார் ஓடியது காபரேற்றருக்குள் மிச்சமிருந்த கொஞ்சப் பெற்றோலில். புதுப் பம்ப் பலமாக இழுத்ததும் சேறு வந்து பம்புக்குப் பெற்றோல் போகும் குழாயை அடைத்துவிட்டது. “இத முதல்லயே சொல்லியிருக்கலாமே ஐயா” என்று மட்டும் சொன்னார்.

அவர் ஊதித் துப்புரவாக்கி, பெற்றோலைத் துணியில் வடித்து ஊற்ற ஐந்தேகால் ஆகிவிட்டது. நான் திறப்பைத் திருப்பினேன். டிக், டிக், டிக். பத்துத் தடவை அடித்திருக்கும். பிறகு நின்றது.

நாங்கள் காலை முதல் காத்திருந்த அமைதி அதுதான். அந்த அமைதிக்குள்தான் ஒழுங்கை முகப்பில் ட்ரக்குகள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நான் ஸ்டார்ட் பண்ணினேன். முதல் இழுப்பிலேயே இயந்திரம் ஓடத் தொடங்கியது. தம்பி கார்க் கதவில் கை வைத்தபடி தகப்பனைப் பார்த்தான். கேற்றைத் திறந்துகொண்டு உள்ளே வந்த அதிகாரி, முதலில் காரை நிறுத்தச் சொன்னான். நிறுத்தினேன்.

தம்பி திரும்பி வரவில்லை. பெரியப்பா ஏறாத பொலிஸ் நிலையம் இல்லை, போகாத முகாம் இல்லை, எழுதாத கடிதம் இல்லை. எல்லாரும் அப்படியொருவரைக் கொண்டுவரவே இல்லை என்றார்கள். அன்று தம்பியை ஏற்றிக்கொண்டு போனதும் பாஸின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்; அதற்குப் பிறகு அவர் அந்தக் குழாயைத் தொடவே இல்லை. காரில் எங்கும் போகவும் இல்லை. ஆனால் தாங்கி எப்போதும் நிறைந்திருக்கும். காலையில் எழுந்து ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவார். ஏன் பெரியப்பா என்று ஒருநாள் கேட்டேன். “வந்தவுடன கொண்டுபோக வேணுமெல்லோ” என்றார். யுத்தம் முடிந்தது என்று வீதியில் வெடி கொளுத்திய அன்றும் தாங்கியை நிரப்பித்தான் வைத்திருந்தார்.

இப்போது வந்த மனிதர் தன் லொறியிலிருந்து வேறொரு குழாயைக் கொண்டுவந்து தாங்கிக்குள் விட்டார். பச்சைக் குழாய் என் கையில் இருந்தது. பெற்றோல் வாளியில் விழத் தொடங்கியது. அவர் கேட்கவில்லை, நான்தான் சொன்னேன்: “கவனம். இந்தத் தாங்கியில பெரியப்பா ஒவ்வொரு நாளும் குழாய் போட்டுப் பெற்றோல் எடுத்தவர். அடியில கறள் இருக்கும். கலக்கினால் பம்ப் அடைச்சுப்போடும்.” எவ்வளவு இலகுவாக வந்தது அந்த வசனம்.

அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். “பரவாயில்லை அக்கா. உடைக்கத்தானே கொண்டு போறம்” என்றார்.