இன்ஜின் பிடிக்கும் வரை

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர், பேட்டரி இறங்கிப்போன த்ரீவீலரைச் சரிவில் சத்தமில்லாமல் உருளவிட்டார். அந்த மௌனம் எனக்குப் பழக்கமானது.

மாத்தளையில் எங்கள் வாப்பா, நாட்டை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கிய சின்ன இத்தாலிக் கார் வைத்திருந்தார். சீட் இரண்டுதான். பின்னாலிருந்த இடுக்கில் நான் மடங்கிக் கிடப்பேன். பெட்ரோலும் பழைய தோலும் மணக்கும். ஸ்டார்ட்டர் பழுதானபோது இறக்குமதி நின்றிருந்ததால் புதுசு கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு, சரிவில் உருளவிட்டால்தான் இன்ஜின் பிடிக்கும் என்பதால், சரிவில் வீடு உள்ள சொந்தக்காரர்களிடம் மட்டுமே போனோம்.

உம்மாவின் தம்பி வீடு தம்புள்ளைப் பக்கம், சமதரையில்.

"பஸ்ஸில போவமே," என்பார் உம்மா.

"காரை வெச்சிக்கிட்டு பஸ்ஸிலயா? அங்க மச்சான் தள்ள, நான் உள்ளுக்கு இருக்கவா?"

பெருநாளுக்குக்கூடப் போகவில்லை. கடைசியில் மாமாவே வந்து, "மச்சான், இப்ப வரலாம்," என்றார். போய்ப் பார்த்தால், வாசலில் குளத்து மண்ணைக் கொட்டி இறுக்கி, கார் நிற்க ஒரு மேடு கட்டியிருந்தார்.

திரும்பும்போது வாப்பா பிரேக்கை விட்டார். கார் ஓசையின்றி இறங்க, மாமா ஜன்னல் வழியே உம்மாவின் கையைப் பிடித்தபடி கூடவே நடந்தார். இன்ஜின் பிடித்ததும் கையை விட்டார். பிறகு ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். ஒருநாள் மட்டும் அது பிடிக்கவே இல்லை. வாப்பா இறங்கி நின்று காரைத் திட்டித் தீர்க்க, அவர்கள் இருவரும் கையை விடாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கீழே த்ரீவீலர் ஒரு குலுக்குக் குலுங்கி இரைந்தது. இன்னும் கொஞ்சம் பிந்திப் பிடித்திருக்கலாம்.