அஞ்சாலை என்று தெரிந்த பிறகு

என் தம்பியின் உடம்பைக் கெடுத்தவள் நான். பழியைச் சுமப்பவள் அவன் மனைவி செல்வி. இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

ஜவ்வாது மலையில் எங்கள் ஊரிலிருந்து கடல்மீன்களைப் பற்றிப் படித்தவள் நான் ஒருத்திதான். திருப்பத்தூரில் ஆசிரியை வேலை. அந்தப் பெருமை இருந்ததே... அதுதான் வினை!

லாரி ஓட்டும் தம்பி, இராமேசுவரம் பக்கம் போனவன், ஒரு மீனை ஐஸ் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். காலையில் படம் அனுப்பிக் கேட்டான்.

"அக்கா, இது இன்னா மீனு? நம்ம ஓடை விலாங்காட்டமே கீது. துன்லாமா?"

பாம்பு போல நீண்ட மீனெல்லாம் எங்கள் மலையில் விலாங்குதான். வகுப்புக்குப் போகும் அவசரத்தில் நானும் சரியாகப் பார்க்கவில்லை. "கடல் விலாங்குடா, துன்னு" என்று பதில் போட்டேன்.

மதியம் படத்தைப் பெரிதாக்கினேன். விலாங்குக்குச் செவுளருகே இரண்டு சிறு துடுப்புகள் இருக்கும். இதற்கு இல்லை. செவுள் துளையைச் சுற்றிக் கருந்திட்டு... பவளப்பாறைப் பொந்துகளில் வாழும் பெரிய அஞ்சாலை! அதன் சதையில் சில வேளை நஞ்சு சேர்ந்திருக்கும், வேகவைத்தாலும் போகாது. இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான்.

குழம்பு இரவுக்குத்தான். நேரம் இருந்தது. ஏன் அழைக்கவில்லை? மலையில் சிக்னல் கிடைக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நான் அழைத்தே பார்க்கவில்லை! 'அக்காவுக்கே தெரியலயா' என்று தம்பி சிரிப்பானே... அந்த வெட்கம். எல்லா மீனிலுமா நஞ்சு இருக்கப்போகிறது என்ற அசட்டுத் துணிச்சல்.

தம்பி மட்டும்தான் தின்றான். விடிவதற்குள் வாந்தி, உதடெல்லாம் மரப்பு. குளிர்ந்த தண்ணீர் பட்டாலே சுடுகிறது என்று அலறினான். திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். என்ன மீன் என்று மருத்துவர் என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன். உயிர் பிழைத்தான்... இன்றும் ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கையில் உணர்வில்லை.

செல்வி அன்று விரதம். மீனைத் தொட்டுச் சமைத்தாளே தவிர வாயில் வைக்கவில்லை. நான் தின்னச் சொன்ன மீனில் குறை இருக்காது என்று நம்பிய அம்மாவுக்கு அது போதாதா!

"விரதம்னு சொல்லிட்டு எம்புள்ளைக்கு மட்டும் இன்னாத்த போட்டாளோ!" என்று அம்மா அவளைப் படவேட்டுக்கு, பிறந்த வீட்டுக்கு, அனுப்பிவிட்டாள். நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறந்தேனா? இல்லை.

போன மாதம் அவளைப் பார்க்கப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன், நம்புங்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, நீங்க படிச்சவங்க. நான் நல்லாத்தான் கழுவுனேன். அப்புறம் எதனால இப்டி ஆச்சி?"

"தெரியலம்மா" என்றேன்.

என் கையை மெல்ல விட்டாள். பிறகு, "உங்களுக்கே தெரியலன்னா, நான்தான் இன்னாவோ தப்பு பண்ணிட்டேன் போலிருக்குது" என்றாள்.

நான் மறுக்கவில்லை.