வைக்கோல் டயர்

யுத்த காலத்தில் சைக்கிள் டியூப் எங்கும் கிடைக்கவில்லை. டயருக்குள் வைக்கோலைத் திணித்து, கிழிந்த இடத்தில் கயிற்றைச் சுற்றி ஓட்டுவோம். ஞாயிறுதோறும் நானும் என் சிநேகிதனும் நாமக்கல்லிலிருந்து எருமப்பட்டிக்கு அப்படித்தான் போய் வந்தோம். என் முதுகெலும்பு ரோட்டிலுள்ள ஒவ்வொரு கல்லையும் நலம் விசாரித்துக்கொண்டு வரும்.

நூல் கிடைக்காமல் அவன் வீட்டுத் தறி நின்றுபோனதால் பட்டாளத்தில் பெயர் கொடுத்துவிட்டான். அவன் கிளம்ப வேண்டிய ஞாயிற்றுக்கிழமை, சேலத்தில் ரயிலேற மத்தியானமே பஸ் பிடிக்க வேண்டும். போகாதே என்று சொல்லத்தான் காலையில் அவனைச் சவாரிக்கு அழைத்தேன். போகும்போது வழியெல்லாம் கேலி பேசியே தீர்த்தேன். திரும்பும்போது சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

எருமப்பட்டியில் மோர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், ஒரு பசு என் பின் டயரை மேய்ந்துகொண்டிருந்தது. பாதி வைக்கோல் அதன் வாயில்.

“ஏனுங்க, மாட்டைக் கட்டி வெக்கக் கூடாதுங்களா?” என்றேன் மோர்க்கார அம்மாளிடம்.

“தீனிய உருட்டிக்கிட்டு வந்து அது முன்னால நிறுத்துனா, அது என்ன பண்ணுஞ் சாமி?”

சிநேகிதன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். எனக்காக அவன் காத்திருக்க நேரமில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“போவாதடா. நெசமாத்தான் சொல்றேன்.”

“போதும்டா ஒன் கேலி, வயிறு வலிக்குது. பஸ்ஸு போயிரும்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினான். தூரத்திலும் அவன் தோள் சிரிப்பில் குலுங்கியது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு நான் நாமக்கல் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. சண்டை முடிந்து மற்றவர்கள் வந்தார்கள். அவன் எந்த ஊரில் செத்தான் என்றுகூட யாரும் சொல்லவில்லை.