பதினாலாம் நம்பர் பீட்சா

ஒச்சம்மாள் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் 2006-ஆம் வருஷம் இலவச மருத்துவ முகாம் போட்டார்கள். வந்திருந்த டாக்டர் மைக்கைப் பிடித்து, "பீட்சா, பர்கர் மாதிரி ஜங்க் ஃபுட்டை அறவே தொடாதீங்க" என்று சொன்னார். கீழே உட்கார்ந்திருந்த இருநூறு பேரும் தலையாட்டினார்கள். அதில் ஒருவர்கூடப் பீட்சாவைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. அதனால் டாக்டரின் சொல்லைக் கம்பெனி முழுவதும் ஒரு நாள்கூடத் தவறாமல் கடைப்பிடித்தது.

ஒச்சம்மாள் கடைப்பிடித்ததோடு நிற்கவில்லை, பிரசாரமும் செய்தாள். பிரஷர் பார்த்தபோது அதே டாக்டர் அவளுக்கென்று ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்திருந்தார். அதைப் பிரித்துப் பார்க்காமல் மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். மைக்கில் சொன்னதே போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து எட்டாம் வகுப்போடு பஸ் ஏறி வந்தவள். செக்கிங் செக்ஷனில் ஒன்பது வருஷம். தைத்து வரும் பனியனை மேசையில் விரித்து, குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவதுதான் வேலை. குறை இல்லாத பீஸுக்கு அவளுடைய நம்பரான பதினாலு அச்சடித்த வட்ட ஸ்டிக்கர். அம்புக்குறி மாதம் நாலு ஷீட் தீரும். வட்டத்தை அவ்வளவு லேசில் எடுக்க மாட்டாள்.

பதினொரு மணி டீக்கு வாழைக்காய் பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டே பக்கத்து மேசை தெய்வாத்தாளுக்குப் பீட்சாவின் கேடுகளை விளக்குவாள்.

"மைதாவாம், எண்ணெயாம். வயித்துல போய் அப்படியே ஒட்டிக்கிடுமாம்."

"நீ தின்னு பாத்தியா கண்ணு?" என்றாள் தெய்வாத்தாள்.

"குப்பைனு தெரிஞ்சப்புறம் தின்னு வேற பாக்கணுமாக்கா?" என்று கேட்டுவிட்டு இரண்டாவது பஜ்ஜியை எடுத்தாள் ஒச்சம்மாள்.

அவள் பெருமைப்பட்டுக்கொள்ள இருந்தது ஒரே ஆள், தம்பி ராக்கையா. அவனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கையிலிருக்கும் பஜ்ஜி ஆறிவிடும். கோயம்புத்தூரில் கேட்டரிங் படிக்க வைத்தாள். சர்டிபிகேட்டை லேமினேட் செய்து லைன் வீட்டுச் சுவரில் மாட்டினாள். கால் இஞ்ச் சாய்ந்திருந்ததால் ஆணியைப் பிடுங்கி மறுபடி அடித்தாள். பெரிய ஹோட்டலில் வெள்ளைக் கோட்டும் நீளத் தொப்பியுமாகத் தம்பி நிற்பதை நினைத்துப் பார்த்து, அந்தக் கோட்டில் தையல் நேராக இருக்கிறதா என்றும் மனசுக்குள்ளேயே செக் பண்ணியிருந்தாள். ஆனால் பெரிய ஹோட்டலில் அவனுக்கு ஏழு மாதமும் வெங்காயம் உரிக்கிற வேலைதான் கொடுத்தார்கள். ஒரு வியாழக்கிழமை பையோடு திரும்பி வந்தான்.

"அக்கா, பல்லடம் ரோட்டுல சாமியப்பன் அண்ணன் பேக்கரி இருக்குல்ல, அங்க பீட்சாவுக்குனு தனியா அடுப்பு போடறாக. என்னய மாஸ்டரா இருக்கச் சொல்றாக."

மாஸ்டர் என்ற சொல்லை அவள் கவனிக்கவே இல்லை.

"குப்பை சுடவாடா ஒன்னயப் படிக்க வச்சேன்?"

ராக்கையா கோபப்படவில்லை. "நீ வேணாம்னா போகலக்கா. ஒங்க கம்பெனில அயர்ன் டேபிள் காலியா இருக்குனியே, அதுக்கு வந்துடறேன். ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்குள்ள அவுகளுக்குப் பதில் சொல்லணும். இல்லாட்டி வேற ஆளக் கூட்டியாந்துருவாக."

அவன் சத்தம் போட்டிருந்தால் அவளும் சத்தம் போட்டு விஷயத்தை அன்றைக்கே முடித்திருப்பாள். அவனோ முடிவை அக்கா கையில் கொடுத்துவிட்டு முள்ளங்கி நறுக்க உட்கார்ந்துவிட்டான். எல்லாத் துண்டுகளும் ஒரே அளவாக விழுந்தன. அதையும் அவள் பார்த்தாள். அந்தக் கையில் அயர்ன் பெட்டியை வைத்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

பீஸைப் பார்க்காமல் ரிஜக்ட் பண்ணக் கூடாது என்பது செக்கிங்கில் முதல் பாடம். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அவளேதான் அதைச் சொல்லிக் கொடுப்பாள்.

"ஞாயித்துக்கிழமை காலைல ஒண்ணு சுட்டு வை. நான் வந்து செக் பண்ணிட்டுச் சொல்றேன்" என்றாள்.

ஞாயிறு பத்து மணிக்கு இஞ்ச் டேப், ஸ்டிக்கர் ஷீட், பேனா, பழைய அளவுத் தாள் ஒன்று, இவ்வளவோடும் கிளம்பினாள். வெறும் வயிற்றில் குப்பையைத் தின்னக் கூடாது என்பதற்காக வழியில் நாலு பஜ்ஜியும் பார்சல் கட்டி வாங்கிக்கொண்டாள்.

பேக்கரிக்காரர் சாமியப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டார். "வாங்க அம்மணி, உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா?"

"மொதல்ல வேலையப் பாத்துருவோம்ணே."

ராக்கையா பெட்டியைத் திறந்து வைத்தான். எட்டு இஞ்ச் என்று பெட்டியில் போட்டிருந்தது. ஒச்சம்மாள் மூன்று இடத்தில் அளந்தாள். டேப்பில் ஒட்டிய சீஸைத் துடைத்துக்கொண்டு, "ஏழே முக்கால். கால் இஞ்ச் கம்மி. சரி, கால் இஞ்ச் வரைக்கும் தள்ளுபடி உண்டு" என்று எழுதினாள். விளிம்பில் ஒரு இடம் கருகியிருந்தது. பீட்சா மேலேயே ஸ்டிக்கர் ஒட்டப் போனவளின் கையைத் தம்பி பிடித்துக்கொண்டான். பெட்டியின் ஓரத்தில் ஒட்டினாள். வெங்காயம் ஒரே பக்கமாகக் குவிந்திருந்தது, அதற்கு ஒன்று. பெட்டியைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தபோது அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"ஆயில் ஸ்டெயின். பனியன்ல இருந்தா பேச்சே இல்ல, ரிஜக்ட்."

சாமியப்பன் குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க தம்பி, உங்கக்கா எப்பவுமே இப்படித்தானுங்களா?" என்று கேட்டார்.

"இன்னைக்குப் பரவால்லைங்க. ஞாயித்துக்கிழமைல்ல" என்றான் ராக்கையா.

"பேச்சு அப்புறம். அப்ரூவல் சாம்பிள் எங்க?" என்றாள் ஒச்சம்மாள்.

கம்பெனியில் ஒவ்வொரு ஆர்டருக்கும், இதுதான் சரியான பீஸ் என்று சரக்கு வாங்கும் பையர் கையெழுத்துப் போட்ட பனியன் ஒன்று மேசையில் தொங்கும். அதோடு வைத்துப் பார்த்துத்தான் நல்லது கெட்டது சொல்ல முடியும்.

"அதெல்லாம் இங்க இல்லக்கா."

"எதோட வச்சுப் பாத்து நான் இதக் குப்பைனு சொல்றது?" கேள்வியை அதட்டலாகத்தான் கேட்டாள்.

ராக்கையா அவள் பைக்குப் பக்கத்தில் இருந்த பொட்டலத்தைக் காட்டினான். "அதோட வச்சுப் பாரு. ஒம்போது வருசமா நீ அப்ரூவல் பண்ணுன பீஸ் அதானே."

ஒச்சம்மாள் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பொட்டலத்தைப் பிரித்தாள். பஜ்ஜி எண்ணெய் குடித்த நியூஸ் பேப்பரில் இந்தப் பக்கத்துச் செய்தியும் அந்தப் பக்கத்துச் செய்தியும் ஒன்றாகத் தெரிந்தன. பெட்டியில் இருந்த கறையை அளந்தாள், முக்கால் இஞ்ச். பேப்பரில் ஐந்தரை இஞ்ச் வரை அளந்துவிட்டு டேப்பைச் சுருட்டி வைத்தாள்.

"இதுல மைதா இருக்குல்ல?"

"இருக்கு. நேத்து நீ தின்ன ரெண்டு பரோட்டாவுலயும் இருந்துச்சு."

"இந்த வெள்ளையா இழுக்குறது?"

"பாலுதான். கொழுப்பும் உப்பும் சாஸ்தி, இல்லேங்கல. தெனம் தின்னா ஒடம்புக்கு ஆகாது."

"அப்ப டாக்டர் சொன்னது சரிதானடா?"

"சரிதான். ஒனக்குச் சீட்டுல என்ன எழுதுனாரு?"

பர்ஸிலிருந்து சீட்டை எடுத்துப் பிரித்தாள். ‘எண்ணெய்ப் பலகாரம் குறைக்கவும்.’ திருப்பியும் பார்த்தாள். பின்பக்கம் கம்பெனி பெயர்தான் இருந்தது. பீட்சாவைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை.

ஒச்சம்மாள் கறார்தான், ஆனால் ஓரவஞ்சனை தெரியாதவள். பஜ்ஜிப் பேப்பரில் ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பித்தாள். ஒரு வரிசை தீர்ந்தது. சாமியப்பன் டீ சொல்லுகிற சாக்கில் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

பிறகு ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். நாற்பது நிமிஷ செக்கிங்கில் அது ஆறிப்போய், சீஸ், சட்டைக் காலருக்கு வைக்கிற கேன்வாஸ் மாதிரி விறைத்து நின்றது.

"வெறச்சிருக்கு. இது டிபெக்ட்."

"சுட்டதும் தின்னுருக்கணும். இது மேக்கிங் தப்பு இல்லக்கா, செக்கிங் லேட்டு."

ஒச்சம்மாள் மென்றாள். ஆறியும்கூட நன்றாகத்தான் இருந்தது. தக்காளிப் புளிப்பு ஊர்ச் சட்னி மாதிரி நாக்கில் நின்றது. இரண்டாவது துண்டை எடுத்தாள். அதை யாரும் சுட்டிக்காட்டவில்லை.

அளவுத் தாளின் பின்பக்கம் ரிப்போர்ட் எழுதினாள். ‘விளிம்பு கருகக் கூடாது. வெங்காயம் சமமாகப் பரத்தவும். சீஸ் குறைக்கவும். தினமும் சாப்பிடுவதற்கு அல்ல.’

சாமியப்பன் எட்டிப் பார்த்தார். "அம்மணி, அந்தக் கடைசி வரிய மட்டும் எடுத்தறலாங்களா? யாவாரமுங்க."

"அது இருந்தாத்தான் கையெழுத்துண்ணே."

"சரி, இருந்துட்டுப் போகட்டுங்க. ஆனா அடுப்புக்குப் பக்கத்துல ஒட்டிக்கறேன், வெளிய வேண்டாம்."

ராக்கையா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கை எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. கடிகாரத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். ஒச்சம்மாள் ஷீட்டிலிருந்து வட்டமான பதினாலை உரித்துப் பெட்டி மூடியில் ஒட்டினாள். லேசாகச் சாய்ந்திருந்தது. உரித்தெடுத்து நேராக ஒட்டினாள்.

ராக்கையா துண்டைத் தோளில் போட்டான். அடுத்த மாவு உருண்டையை எடுக்கப் போனான்.

மறுநாள் பதினொரு மணிக்குத் தெய்வாத்தாள் காத்துக்கொண்டிருந்தாள். "என்ன கண்ணு, தம்பி குப்பை சுடப் போறானாமா?"

"பீட்சா மாஸ்டர்க்கா. பீஸ நானே பாஸ் பண்ணுனேன்." தொடங்கியவள் டீ ஆறும்வரை நிறுத்தவில்லை. அடுப்பு, நீளத் தொப்பி, முள்ளங்கி எல்லாம் வந்தது.

"அதெல்லாம் இருக்கட்டும். கையில என்னது?"

ஒச்சம்மாள் குனிந்து பார்த்தாள். பஜ்ஜிதான். அதைச் சரிபாதியாகப் பிய்த்து ஒரு பாதியைத் தெய்வாத்தாளிடம் நீட்டினாள்.

"குறைக்கவும்னுதான்க்கா எழுதியிருக்காரு. நிறுத்தவும்னு எழுதல."