பெண் பார்க்க வந்த சிவப்பு ஜெர்சி

மூன்று வருஷங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது இது. அன்றைக்கு என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். அன்றைக்கே இந்தியா - பாகிஸ்தான் இருபது ஓவர் ஆட்டமும் இருந்தது. இரண்டையும் ஒரே நாளில் வைத்தது நான் இல்லை. ஒன்றை வைத்தது கிரிக்கெட்டை நடத்துகிறவர்கள், இன்னொன்றை வைத்தது என் மனைவி. கிரிக்கெட்காரர்களிடமாவது மனுப் போட்டுப் பார்க்கலாம்.

எங்கள் தெருவைச் சுற்றி விசைத்தறிகள். அந்தக் கடகடச் சத்தம் கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நிற்கும், கரண்ட் போனால் நிற்கும், இந்தியா - பாகிஸ்தான் ஆட்டத்துக்கு நிற்கும். அன்று மத்தியானம் தெரு அப்படி அமைதியாக இருந்தது. எனக்குத்தான் நெஞ்சுக்குள் நாலு தறி ஓடிக்கொண்டிருந்தது.

நான் பழைய காலத்துக் கிரிக்கெட் ரசிகன். ஆஸ்திரேலியாவில் டெஸ்ட் என்றால் விடிவதற்கு முன்பே எழுந்து, போர்வையோடு டிவி முன்னால் உட்கார்ந்தவன். பரீட்சைக்காக ஒருநாளும் அந்த நேரத்தில் எழுந்ததில்லை. எனக்கு ஒரு கொள்கை உண்டு. பகை என்றால் அதற்கு வரலாறு வேண்டும், நடுவில் ஓர் எல்லைக்கோடு வேண்டும், ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு தேசிய கீதம் வேண்டும். நாட்டோடு நாடு மோதினால் அது போட்டி. கிளப்போடு கிளப் மோதினால் அது வியாபாரம். இதை நான் ஊரில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

என் மகள் கல்லூரி விடுதியில் இருந்த காலத்தில் ஏதோ ஒரு இங்கிலாந்து கால்பந்து கிளப்புக்குப் பக்தையாகித் திரும்பினாள். அறைச் சுவரில் நீலச் சட்டை போட்ட பதினோரு பேர். அவர்கள் தோற்றால் எங்கள் வீட்டில் ஒருவர் சாப்பிட மாட்டார். "ஏட்டி, நீ அந்த ஊரப் பாத்திருக்கியா? அங்க உள்ளவன் உன்னைப் பாத்திருக்கானா? ஒரு கம்பெனி தோத்ததுக்கு அழுதியே!" என்று ஒருமுறை கேட்டேன். "ஏப்ரல் மே மாசம் ஆனா மஞ்சச் சட்டையப் போட்டுக்கிட்டு நீங்க அழுவீங்களே, அது எந்த நாடுப்பா?" என்றாள். அதன் பிறகு என் கொள்கையை வீட்டுக்கு வெளியில் மட்டும் சொல்வதென்று முடிவு செய்தேன்.

அவளுக்கு அப்போது இருபத்தெட்டு. தென்காசியில் ஒரு கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். பெண்ணின் வயது ஏற ஏற, ஜெயிக்கத் தேவைப்படும் ரன் ரேட்டை அறிவிப்பதுபோல உறவினர்கள் அதை அவ்வப்போது அறிவித்துக்கொண்டிருந்தார்கள். நான்கு வரன்கள் வந்து, கேசரி தின்று, "சொல்லி அனுப்புதோம்" என்று போனவர்கள் போனவர்கள்தான். ஐந்தாவது வரன் வருவதற்கு முன்னால் மகள் சொல்லிவிட்டாள்: "இதுதான்ப்பா கடைசி. இதுக்கு மேல யார் வந்தாலும் நான் காபித் தட்டைத் தூக்க மாட்டேன்." அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவள் குரலிலேயே தெரிந்தது. என் மனைவி அன்றிலிருந்து தினமும் கோமதி அம்மன் சந்நிதிக்குப் போய் வந்தாள்.

ஐந்தாவது வரன் புளியங்குடி. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு எலுமிச்சைக் கமிஷன் கடை. பையன் திருநெல்வேலியில் இன்ஜினியர். போனில் பேசும்போது அவர், "அண்ணாச்சி, பையன் தங்கமானவன். இந்தக் கால்பந்துப் பைத்தியம் ஒண்ணுதான்" என்றார். எந்த அணி என்று கேட்டேன். அவருக்கு அணி தெரியவில்லை, அது எந்த ஊரில் இருக்கிறது என்று மட்டும் தெரிந்திருந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டே மகளின் அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்தேன். படத்தின் அடியில் அதே ஊரின் பெயர்!

"அண்ணாச்சி, எங்க பிள்ளையும் அதே ஊர் டீம்தான்! பத்துப் பொருத்தம் பார்த்தோம், இது பதினோராவது!" என்று கத்தினேன். அவரும் அந்தப் பக்கம் கத்தினார்.

கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த மூளை இது. ஒரு ஊருக்கு ஓர் அணி என்றுதான் அதற்குத் தெரியும். ஒரே ஊரில் இரண்டு கிளப் இருக்கும், ஒன்று சிவப்பு ஒன்று நீலம், தலைமுறை தலைமுறையாக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள், அந்த வெறுப்பின் முன்னால் வாகா எல்லையே சம்பந்தி வீடு மாதிரி இருக்கும் என்பதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்று மணி வாக்கில் வந்தார்கள். நாலரைக்கு ராகுகாலம் தொடங்குமுன் கிளம்பிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. பூ, பழம், ஸ்வீட்டோடு ஒரு பை நிறைய எலுமிச்சம்பழமும் கொண்டு வந்திருந்தார்கள். என் மனைவி டிவியை அணைத்ததோடு விடாமல், அதன் மேல் ஒரு துணியையும் போட்டு, திரை போட்ட சந்நிதி மாதிரி ஆக்கியிருந்தாள். ஹாலில் மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் அப்பாவும், எதிரே நானும் என் மனைவியும். மழையைப் பற்றிப் பேசினோம். திடீரென்று பக்கத்து வீட்டில் "ஏஏஏ!" என்று ஒரு சத்தம். விழுந்தது விக்கெட்டா, போனது ஃபோரா? யாரும் கேட்கவில்லை. மறுபடி மழையைப் பற்றிப் பேசினோம்.

மாப்பிள்ளையின் அப்பா நெளிந்தார். "கொஞ்சம் வயிறு சரியில்ல" என்று பின்பக்கம் போனார். வந்தார். அடுத்த சத்தம் கேட்டதும் மறுபடி போனார். எனக்கும் அவர் உடம்பின் மீது அக்கறை பிறந்து, பின்னாலேயே போனேன். வாஷ்பேசின் பக்கம் சுவரோரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஸ்கோரு பாக்கியளா அண்ணாச்சி?"

"சேச்சே, டைம் பாத்தேன்."

"டைம் என்னாச்சு?"

"நாப்பத்தஞ்சுக்கு நாலு" என்றார், குரல் உடைந்து.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் துக்கம் காத்துவிட்டு ஹாலுக்கு வந்தோம்.

மகள் காபி கொண்டு வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா ஒரு பொட்டலத்தை நீட்டி, "நீயும் இதே கட்சியாமே, பையன் ஆசையா வாங்குனான்மா" என்றார். மகள் பிரித்தாள். உள்ளே பளபளவென்று ஒரு சிவப்பு ஜெர்சி.

பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நான் இந்த டீம்னு யாருப்பா சொன்னது?"

"ஒரே ஊர்தானேம்மா..." என்றேன்.

மாப்பிள்ளை காபி டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்க... அந்தப் பக்கமா?"

"ஆமா. நீலம்."

ஹாலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஜாதகத்தில் இல்லாத ஏதோ தோஷம் வெளியே வந்துவிட்டது என்பது மட்டும் எல்லாருக்கும் புரிந்தது. மாப்பிள்ளை மெதுவாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவர் தவிர்த்திருக்கலாம். "போன வாரம் மேட்ச் பாத்தீங்களா?" என்றார்.

"பாத்தேன். அது பெனால்ட்டியே இல்ல."

"கால்ல தட்டுனது தெளிவா தெரிஞ்சுதே!"

"எங்க தெரிஞ்சுது? உங்க ஆளு தானா விழுந்தான். பந்தியில எடம் பிடிக்கப் பாயுத மாதிரி பாஞ்சு விழுந்தான்!"

பெண் பார்க்கும் சடங்கில் பெண் தலையைக் குனிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. என் மகள் தலையைக் குனிந்தாள், டீப்பாயைப் பார்த்து. அதில் கேசரித் தட்டைக் கோல் கம்பமாக வைத்து, காபி டம்ளரைத் தடுப்பாட்டக்காரனாக நிறுத்தி, பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பந்தாக உருட்டினாள். "இங்கன உங்க ஆளு, இங்கன எங்க ஆளு. பந்து ஏற்கெனவே வெளிய போயிட்டு. பாருங்க!" மாப்பிள்ளை டம்ளரை நகர்த்தினார். அவள் அதைத் திரும்ப நகர்த்தினாள். "ஒக்காந்து சொன்னாப் புரியாது" என்று அவர் அந்த எலுமிச்சம்பழத்தோடு எழுந்து, அடுக்களை வாசலருகே போய், ஒரு காலை நீட்டி எப்படித் தட்டியது என்று செய்தே காட்டினார்.

என் மனைவி என் தொடையைக் கிள்ளினாள். அந்தத் தழும்பு ரொம்ப நாள் இருந்தது. ஐந்தாவது வரனும் போயிற்று, அதுவும் என் வாயால் போயிற்று, இனி இந்தப் பெண் யார் முன்னாலும் வந்து நிற்கமாட்டாள் என்று முடிவுகட்டிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துத் தெருவே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். மாப்பிள்ளையின் அம்மா விருட்டென்று எழுந்தார். கிளம்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் நேராகப் போய் டிவி மேலிருந்த துணியை உருவினார்.

"ஏங்க, மொதல்ல இதப் போடுங்க! வந்ததுலேர்ந்து ஒவ்வொரு சத்தத்துக்கும் நெஞ்சு பதறுது. மணி நாலரை தாண்டிட்டு. ராகுகாலத்துல வாசல் எறங்கக் கூடாது. பாத்துட்டே போவோம்!"

வாழ்நாளில் ராகுகாலத்துக்கு நான் நன்றி சொன்னது அன்றைக்குத்தான்.

கடைசி மூன்று ஓவர். ஏறக்குறைய பந்துக்கு இரண்டு ரன் வேண்டும். டிவி உயிர் பெற்ற முதல் பந்திலேயே சிக்ஸர். எல்லாரும் குதித்தோம். மாப்பிள்ளை தன் இடத்துக்கு வர ஓர் அடி எடுத்து வைத்தார்.

"அங்கனயே நில்லுங்க!" என்று மகள் கத்தினாள். "நீங்க அங்க நின்னப்பதான் சிக்ஸ் போச்சு. அசையாதீங்க!"

நின்றார். ஒரு கால் ஹாலில், ஒரு கால் அடுக்களைப் படியில், கையில் எலுமிச்சம்பழம். அடுத்த ஓவரில் ஒரு விக்கெட் விழுந்தது. "காலை அசச்சீங்களா?" என்றாள். "இல்லைங்க, சத்தியமா இல்ல" என்றார் பாவம். மூன்று ஓவரும் அந்த மனிதர் தபசு நின்றார். என் மனைவி வேண்டாத தெய்வம் இல்லை, ஆனால் அது வரனுக்காகவா ரன்னுக்காகவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கடைசிப் பந்தில் ஃபோர். நானும் மாப்பிள்ளையின் அப்பாவும் கட்டிப்பிடித்துக்கொண்டு சுற்றியதில் கேசரித் தட்டு என் காலுக்கடியில் போனது. தெருவில் சரவெடி. மகளும் மாப்பிள்ளையும் ஒரே நேரத்தில் ஒரே ஸ்தாயியில் அலறினார்கள்.

பிறகு சத்தம் அடங்கியது. எதற்காக வந்தோம் என்பது எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. கழுத்துச் செயின்களையும் முந்தானைகளையும் சரிசெய்துகொண்டோம். மகள் சிவப்பு ஜெர்சியை ஒழுங்காக மடித்து, "இது உங்ககிட்டயே இருக்கட்டும், தப்பா நெனைக்காதீங்க" என்று மாப்பிள்ளையிடம் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். ஆறு மணிக்கு ராகுகாலம் முடிந்ததும் எழுந்தார்கள். வாசலில் அவர் அப்பா சொன்னார்: "சொல்லி அனுப்புதோம் அண்ணாச்சி."

அதே வார்த்தை. ஜெயித்த அன்றைக்கே தோற்றவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

திங்கள் போனது. செவ்வாய் போனது. வீட்டில் எனக்குச் சாப்பாடு மட்டும் கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா.

"அண்ணாச்சி, பையன் உங்க பிள்ளைட்ட ஒரு வார்த்த சொல்லச் சொல்லுதான். எனக்கு ஒண்ணும் வெளங்கல. அப்படியே சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. 'திரும்பப் போட்டுப் பாத்தேன். நாலு பக்கத்துலேர்ந்தும் பாத்தேன். அது பெனால்ட்டி இல்ல.' இவ்வளவுதான். இது சம்மதமா, இல்லையா?"

"எனக்கும் தெரியல அண்ணாச்சி. லைன்லயே இருங்க" என்று, போனைக் கையால் பொத்திக்கொண்டு மகளிடம் ஓடினேன். சொன்னேன். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பேனாவை வைத்தாள். முகத்தில் மெல்ல ஒன்று பரவியது.

"சரின்னு சொல்லுங்கப்பா."

"எதுக்குச் சரி? பெனால்ட்டிக்கா?"

"எல்லாத்துக்கும்தான்."

போனை வைத்த பிறகு கேட்டேன், அப்படி என்ன கண்டாய் என்று. அவள் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. "முன்னாடி வந்த நாலு பேரும் நான் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுனாங்கப்பா. ஒருத்தர்கூட நான் சொன்னத உள்ள வாங்கல. இவர் ஒருத்தர்தான் காது கொடுத்துக் கேட்டுச் சண்டை போட்டாரு. அப்புறம் வீட்டுக்குப் போயி, நான் சொன்னது சரிதானான்னு பாத்திருக்காரு."

நான் நாற்பது வருஷமாக ஆட்டம் பார்க்கிறவன். எங்கள் ஆள் அவுட் என்று நடுவர் விரலைத் தூக்கிய பிறகும், இன்றுவரை நான் ஒருமுறைகூட ஒப்புக்கொண்டதில்லை.

கல்யாணத்துக்கு என் பங்காக ஒன்று செய்தேன். எங்கள் ஊர் சங்கரநாராயணர் பாதி சிவன், பாதி பெருமாள். யார் பெரியவர் என்று இரண்டு பக்தர்கள் கட்சி கட்டிச் சண்டை போட்டதற்காக அப்படி நின்றவர். அந்தச் சாமி கொடுத்த யோசனை என்று, டெய்லரிடம் சொல்லி வலப்பக்கம் சிவப்பு, இடப்பக்கம் நீலமாக இரண்டு ஜெர்சி தைத்துப் பரிசளித்தேன். மணமேடையிலேயே இருவரும் ஒரே குரலில், "ஐயையோ, இது ரெண்டு டீமுக்கும் துரோகம்!" என்றார்கள். கால்பந்தில் சண்டையில்லாமல் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். இரண்டு சட்டையையும் இப்போது நான்தான் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறேன். வயிற்றுப் பக்கம் மட்டும் பிடிக்கிறது.

அந்த இரண்டு அணிகளும் மோதும் நாளில் இருவரும் திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்துவிடுவார்கள். சோபாவின் இந்தக் கோடியில் சிவப்பு, அந்தக் கோடியில் நீலம், நடுவில் இரண்டு நிறத்திலும் நான். டிரா என்றாலே கொட்டாவி விடும் கிரிக்கெட்காரன், டிராவுக்காக வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பகைக்கு ஓர் எல்லைக்கோடு வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த எனக்கு, என் மகள் சத்தம் போட்டுச் சண்டை போடுவதையும் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் அதைக் காது கொடுத்துக் கேட்பதையும் பார்த்துக்கொண்டு அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருப்பதைப்போல நிம்மதியான இடம் வேறு எந்த ஸ்டேடியத்திலும் கிடைத்ததில்லை.