தலையை ஆட்டாமல் கதை கேட்பது எப்படி?

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஸ்கேன் மெஷினுக்குள் படுத்துக்கொண்டு கதை கேட்டேன். பதற வேண்டாம்... உடம்புக்கு ஒன்றுமில்லை. திருவனந்தபுரம் வலியசாலையில் எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும் என் அண்ணன் மகள் காயத்ரி மூளை ஆராய்ச்சி செய்கிறாள். ஒரே கதையைப் பலர் கேட்கும்போது, எந்தெந்த இடத்தில் எல்லோருடைய மூளையும் ஒன்றாகத் துள்ளுகிறது என்று பார்ப்பது அவள் வேலை. ஆள் பற்றாக்குறைக்குச் சித்தப்பா!

நிபந்தனை ஒன்றுதான். "தலை துளி அசையப்படாது, கேட்டேளா? அசைஞ்சா படம் கலங்கிடும்."

முதலில் ஆங்கிலக் கதை. யாரோ ஒருவர் பனியில் நாயைத் தேடிக்கொண்டு போகிறார். கட்டை மாதிரிக் கிடந்தேன். அடுத்தது தமிழ். சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கும் ஆவுடையம்மாள் — திருநெல்வேலிக்காரர் — தன் சொந்த அனுபவத்தைச் சொல்லிப் பதிவு செய்தது. தம்பானூர் ஸ்டேஷன் கூட்டத்தில், தன் கணவர் என்று நினைத்து, அதே நிறச் சட்டை போட்ட யாரோ ஒருவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பிளாட்பாரம் முழுக்கத் திட்டிக்கொண்டே போன கதை.

வெளியே வந்தால் காயத்ரியின் முகம் வாடிக்கிடக்கிறது. தமிழ்க் கதையில் என் தலை ஆடிக்கொண்டே இருந்ததாம். நான் மட்டுமா? இதுவரை படுத்தவர்கள் அத்தனை பேரும்!

அசைவைக் கணக்குப் போட்டுக் கழித்துவிட முடியாதா என்று கேட்டேன். கொஞ்சம் முடியுமாம். ஆனால் எல்லோரும் தலையாட்டியது, கதையில் திருப்பம் வருகிற அதே இடங்களில். அசைவைக் கழித்தால் அவள் தேடுகிற துள்ளலும் சேர்ந்து போய்விடும். மெஷின் இன்னும் ஒரு சனிக்கிழமைதான் கிடைக்கும், அன்றும் ஆடினால் தமிழை விட்டுவிட்டு ஆங்கிலக் கதையோடு முடித்துக்கொள் என்று அவளுடைய கைடு சொல்லிவிட்டார். தமிழுக்காகவே இந்த ஆராய்ச்சியில் இறங்கியவள் அவள்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் லேப்டாப்பைத் திறந்து, அதே கதையை மறுபடி ஓடவிட்டாள். ஆவுடையம்மாள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "கேட்டியளா" என்று நிறுத்துகிறார். நான் "ம்" என்கிறேன். தலை தானாக ஆடுகிறது. பதிவு செய்த குரலுக்கு எதற்கு "ம்"? ஒருவர் மெனக்கெட்டுக் கதை சொல்லும்போது உம்மென்று கிடப்பது மரியாதையா, சொல்லுங்கள்? ஆங்கிலக் கதைக்காரர் நம்மை எதிர்பார்க்கவே இல்லை. அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

ஆனால், பக்கத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவியின் தலை ஆடவே இல்லை. காயத்ரி கதையை நிறுத்தினாள். "நீங்க ஏன் சித்தி 'ம்' கொட்டலை?"

"அதான் உன் சித்தப்பா கொட்டிண்டிருக்காரே. ஆத்துக்கு ஒருத்தர் போறாதாடி?"

காயத்ரி லேப்டாப்பை மூடிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

இரண்டு நாளில் பாத்திரக் கடையிலேயே மறுபதிவு. இந்த முறை ஆவுடையம்மாள் மைக்கைப் பார்த்துச் சொல்லவில்லை. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துச் சொன்னார். அவர் நிறுத்திய இடத்திலெல்லாம் நான் "ம்" கொட்ட, அதுவும் சேர்ந்து பதிவானது. கேட்கிறவர்களுக்கு இனி அந்தப் பொறுப்பு இல்லை, பாருங்கள்.

அந்தக் கடைசிச் சனிக்கிழமை புது ஆட்கள் படுத்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. மத்தியானம் காயத்ரி போன் செய்தாள். "சித்தப்பா... ஒருத்தர்கூட ஆட்டலை." சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்? அந்தச் சட்டைக்காரர் திரும்பி முகத்தைக் காட்டுகிற இடத்தில் எல்லோருடைய மூளையும் ஒன்றாகத் துள்ளியிருக்கிறதாம். தமிழ்க் கதை ஆராய்ச்சியில் தங்கிவிட்டது.

யோசித்துப் பார்த்தால், கூட்டத்தில் நாம் நிம்மதியாகச் சும்மா உட்கார்ந்திருப்பதே, யாரோ ஒருவர் நம் சார்பில் தலையாட்டிக்கொண்டிருப்பதால்தான்.

வாரா வாரம் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறேன்... அறிவியலுக்கு என்னிடமிருந்து தேவைப்பட்டது ஒரே ஒரு எழுத்து!